நாலு நாள் மாஸ்டர்

"இறங்குங்க மாஸ்டர். மறுபடி ஏறுங்க."

மாஸ்டர் எடை மிஷினிலிருந்து இறங்கினார். சட்டைப் பையில் கிடந்த சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறினார்.

"தொண்ணூத்தி நாலு," என்றாள் ஆஸ்பத்திரி டயட்டீஷியன். "போன மாசத்தைவிட ஒரு கிலோ கூட. ஸ்கேன்லயும் கல்லீரல் கொழுப்பு அப்படியேதான் இருக்கு."

சுவரோர நாற்காலியில் மாஸ்டரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். கண்ணும் நகமும் மஞ்சள் பூத்திருந்தன. கல்லீரல் கெட்டுப்போனது அவளுக்குத்தான். தன்னுடையதில் ஒரு பகுதியைக் கொடுக்க மாஸ்டர் தயார். ஆனால் கொழுப்பு படிந்ததை வைக்க முடியாது, மூன்று மாதத்தில் பத்து கிலோ குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றிருந்தார் டாக்டர். அந்த மூன்று மாதம் இன்றோடு முடிகிறது.

"உண்மையைச் சொல்லிடுங்க மாமா," என்றான் மனைவியின் தம்பி. அவன் ரத்தம் அக்காவுக்குச் சேரவில்லை. அந்த ஆற்றாமை முழுக்க மாமாவின் மேல் கோபமாகத் திரும்பியிருந்தது. "பேக்கரியில கேக்கை உள்ள தள்றீங்கதானே?"

"ஒரு துண்டுகூடத் தொடலப்பா."

யார் நம்புவார்கள்? பதினெட்டு வருஷம் பேக்கரி அடுப்பு முன்னால் நின்ற மனுஷர். வருஷா வருஷம் உடம்பைக் குறைக்கிறேன் பேர்வழி என்று கிளம்புவார், நாலாம் நாள் கையில் பப்ஸோடு பிடிபடுவார். அங்கே அவருக்குப் பெயரே நாலு நாள் மாஸ்டர்தான்.

ஆனால் இந்த முறை வேறு. கொடுக்கிறவருக்கும் உயிராபத்து உண்டு என்று டாக்டர் எச்சரித்துக் கையெழுத்துக் கேட்டபோது, "பேனா எங்க?" என்று மட்டும்தான் மாஸ்டர் கேட்டார். அன்றிலிருந்து பஸ்ஸை விட்டார். போக ஒரு மணி, வர ஒரு மணி, நடைதான். பேக்கரியில் ருசி பார்க்கும் வேலையைக்கூட வேறு ஆளிடம் தள்ளிவிட்டார். மூன்று வேளையும் மனைவி வைத்துக் கொடுக்கும் காய்கறி சூப்தான். முடியாத உடம்போடு எழுந்து, அதை யாரையும் தொடவிடாமல் அவளே வைப்பாள்.

"இன்னொரு மூணு மாசம் தர முடியாதாம்மா?" என்று கேட்டார் மாஸ்டர்.

டயட்டீஷியன் அவர் மனைவியைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "அவங்க உடம்பு தாங்காது மாஸ்டர்."

"பொண்டாட்டி உசுரைவிட வாய் பெருசாப் போச்சா உங்களுக்கு?" என்றான் தம்பி.

"அவரைத் திட்டாதடா," என்றாள் மனைவி மெதுவாக. "அவரால முடிஞ்சது அவ்வளவுதான்."

தம்பி திட்டியதைத் தாங்கிய மாஸ்டருக்கு இதைத் தாங்க முடியவில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

"எனக்கே என் மேல சந்தேகமா இருக்கும்மா. தூக்கத்துல எந்திரிச்சு எதையாவது தின்னுடறேனோ என்னவோ. என்னைக் கட்டிப்போட்டிருக்கணும். நம்பி உட்கார்ந்திருந்தாளே."

மாஸ்டரின் பையிலிருந்து பிளாஸ்க் எட்டிப் பார்த்தது. "இதுதான் நீங்க குடிக்கிற சூப்பா?" என்று டயட்டீஷியன் எடுத்துத் திறந்தாள். மோந்து பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"மாஸ்டர், இதை மோந்து பாருங்க. என்ன வாசனை வருது?"

"என்னைக் கேட்டா எப்படிம்மா? பதினெட்டு வருஷமா வெண்ணெயிலயே ஊறின மூக்கு. எனக்குப் பச்சத் தண்ணியும் வெண்ணெய் வாசனைதான்."

"சரி, விரலால தொட்டுப் பாருங்க."

ஒரு துளியைத் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்தார். மாவு பிசைந்து பிசைந்து பழகிய விரல்கள். அவை ஏமாறவில்லை; வெண்ணெய் வழுக்கியது. மறுபடி தொட்டுத் தேய்த்தார். அப்புறம் மெல்ல மனைவியின் பக்கம் திரும்பினார்.

அவள் டயட்டீஷியனிடமிருந்து பிளாஸ்க்கை வாங்கி, மூடியைத் திருகினாள்.

"ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஆபரேஷனுக்குப் போயி, ரெண்டு பேருமே திரும்பி வரலன்னா," என்றாள், "நம்ம சின்னதுங்க ரெண்டும் யாருகிட்டங்க போய் நிக்கும்?"