மாப்பிள்ளைப் பரிசோதனை

வரப்போகும் மாப்பிள்ளையின் நேர்மைக்குக் கடலூர் முந்திரி வியாபாரி சைபுல்லா வைத்த விலை பத்தாயிரம் ரூபாய். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாற்றுப் பண்ணைக்காரர் என்று சொல்லிக்கொண்டு, மாப்பிள்ளைப் பையன் வேலை பார்க்கும் சிதம்பரத்துப் பயிர்நோய் ஆய்வகத்துக்குப் போனார். பையன் அவரை அதுவரை பார்த்ததில்லை.

"வைரஸ் கண்ணுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியாது பாய். ஒரே வாக்குல அதிர்ற ஒளிய செடிச் சாறுக்குள்ள விடுவோம். அது சிதறி வர்றப்ப எப்படி மாறியிருக்குன்னு பாத்தா, வைரஸோட உருவம் தெரிஞ்சிடும்" என்றான் இம்தியாஸ்.

நாமும் ரூபாயை உள்ளே விட்டு அதைத்தானே பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டார் சைபுல்லா.

"என் மிளகா நாத்துல வைரஸ் இல்லேன்னு எழுதிக் குடுங்க. பத்தாயிரம் தர்றேன்."

"இருபது."

"ஜாஸ்தி தம்பி. பன்னெண்டு."

"பதினஞ்சு. அதான் கடைசி."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு சைபுல்லா பஸ் ஏறினார்.

"பையன் நேர்மையா?" என்றாள் வீட்டில் காத்திருந்த மனைவி அஸ்மத்.

"அது கெடக்கு. என்னமா பேரம் பேசறான்! மண்டிக்கு ஆளு கெடச்சாச்சு. நிக்காவுக்கு நாள் பாரு."

மாடியில் மகள் நஜியா போனில் இம்தியாஸிடம் சீறினாள். "அத்தா வேஷம் போட்டு வருவாங்க, லஞ்சம் கேட்டு இந்தச் சம்பந்தத்தக் கெடுத்து விடுங்கன்னுதானே கெஞ்சினேன்? நான் எம்.எஸ்சி. முடிக்க வேணாமா? எறங்கி வரச் சொன்னது யாரு?"

"மன்னிச்சுக்கங்க. எங்க அத்தாவுக்கும் பண்ருட்டியில பலாப்பழ மண்டி. வாய் தானா எறங்கிடுச்சு."

சைபுல்லாவின் அன்றைய கணக்கில் செலவு பஸ் டிக்கெட், வரவு ஒரு மாப்பிள்ளை. நஜியாவின் கணக்கில் ஒரு வருஷப் படிப்பு பாக்கி.