மொட்டைமாடி மீன் வாளி

"மீனை வாளியில போட்டு மாடியில வெச்சிருக்கறது கீழ தெரிஞ்சா, நாளைக்கே ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிப்போடுவாங்க அம்மணி!"

கிருபாசங்கர் குரலைத் தாழ்த்திக்கொண்டே கத்தினான். அவன் மனைவி கனிஷ்கா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. மூடியை இறுக்கி, அதன் மேல் ஒரு செங்கல்லையும் தூக்கி வைத்தாள்.

"மீனும் நாட்டுச்சக்கரையும் இருபத்தியோரு நாள் ஊறுனாப் போதுமுங்க. அப்புறம் வடிகட்டி, தண்ணி கலந்து மொளகாச் செடிக்குத் தெளிச்சுப்போட்டு வாளியைக் கழுவிக் கவுத்திருவேன்."

அவன் பயந்ததில் நியாயம் இருந்தது. கணபதிப் பகுதியில் அவன் வேலை பார்க்கும் லேத் பட்டறைக்குப் பக்கத்திலேயே அமைந்த வீடு. ஆனால் கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா பங்காரம்மா சுத்த சைவம். ஆறேழு வருடத்துக்கு முன் இதே மாடி வீட்டில் இருந்தவர்கள் ஒருநாள் கருவாடு வறுத்தார்களாம். அடுத்த மாதமே சட்டி பானையோடு கிளம்ப வேண்டியதாகிவிட்டது.

"புளிச்ச மோர் தெளிச்சே. வேப்பம்புண்ணாக்குப் போட்டே. வாழைப்பழத் தோலை ஊற வெச்சு ஊத்துனே. பூத்த பூவெல்லாம் கொட்டிட்டுத்தானே இருக்குது? பேசாம கடையில ஒரு மருந்து வாங்கி அடிச்சுப்போடு. ஊரே அடிக்குது."

கனிஷ்கா நிமிர்ந்தாள்.

"உடுமலைப்பேட்டையில எங்கப்பா மயங்கி விழுந்தது எங்கீன்னு தெரியுமில்லீங்க? மொளகாக் காட்டுல, மருந்தடிச்சுட்டு இருக்கறப்ப. என்ற செடி மேல ஒரு சொட்டு மருந்து படாது. மருந்தில்லாமயே பத்துத் தொட்டிச் செடியும் காய்ச்சே தீரோணும்."

அவன் இன்னொரு செங்கல்லை எடுத்து மூடி மேல் வைத்தான்.

தினமும் காலையில் பங்காரம்மா துணி காயப்போட மாடிக்கு வந்தாள். வாளிக்கு ஒரு முழம் தள்ளித்தான் கொடி. கனிஷ்கா முன்கூட்டியே நாலு ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு, வாளியை மறைத்தபடி நிற்பாள். பங்காரம்மாவோ ஒன்றுமே சொல்வதில்லை. ஒருநாள் தலையில் வைத்திருந்த மல்லிகையைக் காட்டி, "பூக்காரி நல்ல பூவாக் குடுத்திருக்காளா, பாத்துச் சொல்லு கண்ணு" என்று மட்டும் கேட்டாள்.

இன்னொரு நாள் கீழே பால் கருகி, மாடி வரைக்கும் தீய்ந்த நெடி. கனிஷ்காதான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். பக்கத்து அறையிலேயே உட்கார்ந்திருந்த பங்காரம்மா, "டிவி பாத்துட்டே இருந்துபோட்டேன் கண்ணு" என்று தலை குனிந்துகொண்டாள்.

"எல்லாம் நம்ம நல்ல நேரம்" என்றான் கிருபாசங்கர்.

இருபத்தொன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சரியாக ஊறியிருந்தால் பழுத்த பழத்தின் வாசனை வர வேண்டும். கனிஷ்கா ஆசையோடு மூடியைத் திறந்தாள்.

பழமாவது, ஒன்றாவது! குடலைப் புரட்டும் நாற்றம். தண்ணீர்த் தொட்டி மேல் ஏழெட்டுக் காக்கைகள் வந்து உட்கார்ந்துவிட்டன.

"சக்கரை பத்தலீங்க! ஒரு கிலோ வாங்கி வெச்சிருந்தனே, பொட்டணத்தோட கொட்டுனனே!"

துண்டால் மூக்கைப் பொத்தியிருந்த கிருபாசங்கர் வேறு பக்கம் பார்த்தான். "அதுக்கு முன்னாடியே... காபிக்குக் கொஞ்சம் எடுத்தேன்."

அவனை அவள் வறுத்தெடுப்பதற்குள் படிக்கட்டில் காலடிச் சத்தம். பங்காரம்மா! அரிசி களைந்த ஈரக்கையோடு மூச்சிரைக்க ஏறி வந்தவள், நேராக வாளியின் முன்னால் வந்து நின்றாள்.

"என்ன கண்ணு இது? அடுப்பங்கரை வரைக்கும் வருது!"

"அது... வந்துங்கம்மா..." என்று இழுத்தான் கிருபாசங்கர்.

கனிஷ்கா முன்னால் வந்தாள். "மீனுங்கம்மா. மொளகாச் செடிக்கு. உங்ககிட்டச் சொல்லாம வெச்சது தப்புத்தானுங்க. காலி பண்ணச் சொன்னாப் பண்ணிக்கறோம். ஆனாப் போற ஊட்டுக்கு இந்தப் பத்துச் செடியும் என்ற கூடத்தான் வருமுங்க. அங்கயும் மருந்தடிக்க மாட்டேன், இதையேதான் ஊத்துவேன்."

பங்காரம்மா வாளியின் மேல் குனிந்தாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. பாவம், நாற்றம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று கனிஷ்கா அவசரமாக மூடியை எடுத்தாள்.

பங்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூடிப்போடாதே கண்ணு. கொரோனா வந்து போனதுலருந்து பூ வாசமும் தெரியாம, பால் கருகறதும் தெரியாம செத்துக் கெடந்த மூக்குக்கு... இன்னைக்குத்தான் மொத மொதலா நாறுது!"