ஐம்பதுக்கு ஏறாத எண்

ஏரிக்கரைப் பக்கம் வெயில் சாய்ந்துகொண்டிருக்கிறது. உத்திரமேரூர் மைதானத்துக் கோல் கம்பத்தைப் பிடித்தபடி இளமதி மூச்சு வாங்குகிறாள். அவள் தொடையில் பட்டையால் கட்டிய சின்னக் கருவி, தசையில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்று பயிற்சியாளர் பரிமளாவின் செல்போனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஓடி நின்ற ஒரு நிமிடத்துக்குள் அந்த எண் ஐம்பதைத் தொடாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணித் தேர்வுக்கு அவள் போக முடியாது. முப்பத்தொன்று. எண் அசையவே இல்லை. "இன்னாடி, காலுக்கு சார்ஜ் போட மறந்துட்டியா?" என்கிறாள் பக்கத்தில் நிற்கும் பூஜா. இளமதிக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கால்கள் இவ்வளவுதானா? பரிமளா குனிந்து பட்டைக்குள் விரலை நுழைக்கப் பார்க்கிறாள், நுழையவில்லை. "யாருடி இத இப்படிக் கட்டனது? ரத்தம் எப்படி ஓடும்?" "நான்தாங்க்கா. நழுவிடும்னு பயந்து, கதிர்க்கட்டு கட்டற மாதிரி இறுக்கிக்கினேன்" என்கிறாள் இளமதி. பட்டை அவிழ்கிறது. தொடையைச் சுற்றிச் சிவந்த பள்ளம். பரிமளா அதைத் தளர்த்திக் கட்டிவிட்டு, "போ, மொதல்லேர்ந்து ஓடு" என்கிறாள். இளமதி கோட்டில் போய் நிற்கிறாள். இந்த முறை எண் ஏறாவிட்டால், பட்டைமேல் பழி போட முடியாது. பரிமளா விசிலை உதட்டில் வைக்கிறாள்.