தாய்மாமன் மடி

அந்த அடுக்குமாடியில் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு விளக்கு. பாலியல் குற்றப் பதிவேட்டில் பெயர் உள்ளவன் வந்தால் சிவப்பாக எரியும், மற்றவர்களுக்குப் பச்சை. பச்சை எரிந்தால் போதும், யாரிடம் வேண்டுமானாலும் பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்கள்.

அன்று தவமணியின் மகள் இனியாவுக்குக் காது குத்து. தவமணியின் அண்ணன் குமரவேல் சீர்த்தட்டோடு வந்தான். பச்சை பளிச்சென்று எரிந்தது. தவமணி குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

"மாமன் மடியில உட்கார வைடி, நேரமாகுது" என்றாள் அம்மா.

"மாட்டேன்."

அம்மா அவளைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். "பழசை ஏன்டி கிளறுற? விளக்கே அவனுக்குப் பச்சை காட்டுதே!"

"காட்டாம என்ன பண்ணும்? பன்னெண்டு வயசுல அவன் மேல புகார் கொடுக்கப் போன என்னை ஸ்டேஷன் வாசல்லேர்ந்து இழுத்துட்டு வந்தது நீதானே?"

"மெதுவாப் பேசு, சொந்தக்காரங்க இருக்காங்க."

கூடத்தில் குமரவேல் சம்மணம் போட்டு, "வாடி தங்கம்" என்று கையை நீட்டினான். தவமணி அவனைத் தாண்டிப் போய், ஆசாரியின் முன்னால் மகளைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மாமன் இருக்கறப்ப நீ ஏம்மா?" என்றார் ஆசாரி.

கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, ஏன் என்று சொன்னாள்.