தேசப்படத்தில் இல்லாத தீவு

கனடாவின் ஸ்காபரோவில் புதிதாக வந்தவர்களுக்கு நடந்த ஆங்கில வகுப்பில், யாழ்ப்பாணத்தை ஒட்டிய மண்டைதீவிலிருந்து வந்த றீற்றாவுக்குப் பக்கத்துக் கதிரை யொசினாவுடையது. யொசினா இந்தோனேசியாவின் மலுக்கு மாகாணத்துக்காரி. தெருவெல்லாம் பாய் விரித்துக் கராம்பு காயவைக்கும் சின்னத் தீவு அவளுடையது. ஆசிரியை தேசப்படத்தில் ஊரைக் காட்டச் சொன்னபோது அந்தத் தீவு அதில் இல்லை. யொசினா பேனையால் கடலில் ஒரு புள்ளி வைத்தாள்.

“இல்லாததை வரையக் கூடாது” என்று ஆசிரியை அதைத் துணியால் துடைத்தார்.

மறுநாள் புள்ளி திரும்ப இருந்தது. மறுபடி துடைத்தார், மறுபடி வந்தது. கடைசியில் புதுப் படம் வாங்கிவந்து, எல்லோரும் பார்த்திருக்க உறை பிரித்து மாட்டினார். புள்ளி அதிலும் இருந்தது.

றீற்றா எழுந்து யொசினாவின் பேனையை வாங்கினாள்.

“பிள்ளை, இரும். ரீச்சர் ஏசப்போறா” என்றார் பின்னாலிருந்த இரத்தினவேல் அண்ணை.

“ஏசட்டும் அண்ணை. ஆமி எங்களைத்தானே ஊரைவிட்டுக் கலைச்சது, தீவையுமோ கலைச்சது?”

யாழ்ப்பாணத்துக்குக் கீழே அழுத்தி ஒரு புள்ளி வைத்தாள். ஆசிரியை துணியோடு வந்தார். றீற்றா விலகி வழிவிட்டாள்.

“அழியுங்கோ, பாப்பம்” என்றாள் தமிழிலேயே.

ஆசிரியை அழுத்தித் துடைத்துவிட்டுத் துணியைத் திருப்பிப் பார்த்தார். மை ஒட்டியிருக்கவில்லை. ஈர மணல் ஒட்டியிருந்தது.