நனைத்து வைத்த துணி

நெட்டுக்குப்பத்து வெயிலில் பழைய கார் உறுமிக்கொண்டு நிற்கிறது. சுப்புராயன் இஞ்சினில் இருக்கும் கிராங்க் சென்சாரை மாற்றிவிட்டான். கழற்றிப் போட்ட பழையது, கட்டைவிரல் அளவுதான், மண்ணில் கிடக்கிறது. அது சூடேறினால் வண்டி நடுரோட்டில் செத்துப்போகும். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவன் மனைவி மங்கை இறங்கி, காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் போடுவதுபோல அதன்மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருப்பாள். மகள் ரேகாவுக்கு இது நிறைமாதம். எந்த நேரமும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். இன்றும் புருஷன் பக்கத்தில் துணியை நனைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"அதான் புச்சு மாட்டியாச்சே. இன்னும் இன்னாத்துக்கு அத்தப் புட்ச்சிகினு நிக்கிற?"

"இருக்கட்டும்யா. சூடு ஏறட்டும், பாக்கலாம்."

சூடு காட்டும் முள் மெல்ல ஏறி, வழக்கமாக வண்டி மூச்சை நிறுத்தும் இடத்துக்கு வருகிறது. துணியிலிருந்து நீர் அவள் கால்விரலில் சொட்டுகிறது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம்; இஞ்சின் சத்தம் கொஞ்சமும் பிசகவில்லை. சுப்புராயன் நிமிர்ந்து அவளைப் பார்க்கிறான். புருவமெல்லாம் கிரீஸ், கழுத்தெல்லாம் வியர்வை.

"நனச்சது வீணாப் போவுது. குனிய்யா."

அவன் குனிகிறான். மங்கை துணியை அவன் நெற்றியில் போட்டு, கையை எடுக்காமல் நிற்கிறாள்.