ஏழாவது நாய்

ஏட்டில் ஏழு நாய், கொட்டிலில் ஆறுதான் நிற்கிறது என்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

ஆர்லாவும் அதைத்தான் நினைத்தாள். நாய்ப்பந்தய வாரியத்தில் ஆய்வாளராகச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. ஓட முடியாமல் போன நாய்களைப் பற்றி அதற்குள் அவள் கேள்விப்பட்ட கதை எதுவும் நல்ல கதையாக இல்லை.

"மேபல் எங்க, மாலக்கி?"

"மேபலா?" மாலக்கி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். டிப்பரேரிப் பக்கம் முப்பது வருஷமாகப் பந்தய நாய் பழக்குகிறவர். "அவளுக்குத்தான் கால்ல அடிபட்டுடுச்சே. ஏப்ரல்லயே ஓட்டம் நின்னு போச்சு."

"அது தெரியும். இப்ப எங்க இருக்கா?"

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"ஒரு ஆளுக்கு."

"ஆளுக்கு ஒரு பேர் இருக்குமே."

"இருக்கும்."

ஆர்லாவுக்குச் சுருக்கென்றது. இவரை அவள் மறக்கவில்லை. பந்தயத்துக்கு அரசாங்கம் கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கை, ஓய்வு பெற்ற நாய்களுக்கு வீடு தேடித் தர ஒதுக்கலாமா என்று கேட்க, வாரியம் போன மாதம் ஊர்க் கூடத்தில் ஒரு கூட்டம் போட்டது. முதலில் எழுந்து எதிர்த்தவர் இவர்தான்.

"நாய் உழைக்கிற ஜீவன். வைக்கோல்லதான் படுக்கணும். சோஃபாவுல படுக்கிற நாய்க்கு ஜனங்க வரிப்பணம் ஒரு சென்ட் போகக்கூடாது" என்றார். கூடமே கை தட்டியது. உள்ளூர்ப் பத்திரிகையில் படத்தோடு வந்தது.

"இங்க பாருங்க மாலக்கி, அடுத்த வாரம் டப்ளின்ல பட்ஜெட். இத்தனை கோடி யூரோ குடுக்கிறோமே, ஓடாத நாயெல்லாம் எங்கேன்னு எங்களத்தான் நிக்க வச்சுக் கேப்பாங்க. வாங்கிட்டுப் போனவர் கையெழுத்துப் போட்ட தாள் இல்லேன்னா, இன்னிக்கே உங்க லைசென்ஸை நிறுத்தணும். சனிக்கிழமை ஓட வேண்டிய ரெண்டு நாயும் ஓடாது."

மாலக்கி தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "நிறுத்துங்க" என்றார்.

லைசென்ஸை விடத் தயார், நாயைக் காட்டத் தயாரில்லை. அப்படியென்றால் நாய் உயிரோடு இல்லை என்றே ஆர்லா முடிவு கட்டினாள்.

அடுப்படி ஜன்னல் திறந்தது. அவர் மனைவி ப்ரீடா எட்டிப் பார்த்தாள். "அந்தப் பொண்ண மழையில நிக்க வச்சு என்ன பேச்சு? உள்ள கூட்டிட்டு வாங்க."

"அவங்களுக்கு நேரமில்ல."

"நிறைய இருக்கு" என்று ஆர்லா உள்ளே நடந்தாள்.

கூடத்து சோஃபாவில் ஒரு தலையணை, கசங்கிய கம்பளி, அதன்மேல் மாலக்கியின் மூக்குக்கண்ணாடி. கீழே அவர் செருப்பு. ஓஹோ, புருஷன் பெண்டாட்டி சண்டை போலிருக்கிறது என்று நினைத்து, ஆர்லா நாகரிகமாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

டீயும் ஆப்பிள் டார்ட்டும் வந்தன. வெளியே வாயே திறக்காத மாலக்கி இப்போது ஓயாமல் பேசினார். மழை, வைக்கோல் விலை, பக்கத்து வீட்டு டிராக்டர். எல்லாம் உரத்த குரலில். ஆர்லாவுக்கு வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை உண்டு. ஒருத்தர் இப்படிப் பேசினால் கதவுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

மூச்சு வாங்க அவர் நிறுத்தியபோது, படுக்கையறைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது.

"உள்ள யாரு?"

"யாருமில்ல. தண்ணிக் குழாய். பழசு."

"குழாய் குறட்டை விடுமா?"

ப்ரீடா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

ஆர்லா போய்க் கதவைத் திறந்தாள்.

இரட்டைக் கட்டில். பூப்போட்ட போர்வைக்குள், ரோஸ் நிறக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, தலையணையில் தலை வைத்து, கட்டிலின் குறுக்கே நாலு காலையும் நீட்டிப் படுத்திருந்தாள் மேபல். ஒரு கண்ணைத் திறந்தாள். வந்தவள் கையில் பிஸ்கெட் இல்லை என்று தெரிந்ததும் மூடிக்கொண்டாள்.

மாலக்கியின் காது சிவந்துவிட்டது. "ஊசி போட்டு முடிச்சிடலாம்னுதான் கார்ல ஏத்தினேன். பாதி வழியில என் தொடைமேல தலைய வச்சுட்டா. எப்படி ஓட்டுறது? வண்டியத் திருப்பிட்டேன்."

"இதைச் சொல்றதுக்கு என்ன உங்களுக்கு? லைசென்ஸே போகப் பாத்துச்சே."

"கூட்டத்துல அப்படி வீராப்பு பேசியாச்சே" என்றாள் ப்ரீடா. "தெரிஞ்சா நாய்க்காரங்க சிரிப்பாங்களாம்."

ஆர்லா படிவத்தை எடுத்தாள். நாய் இருக்குமிடம்: உரிமையாளர் வீடு. அடுத்த கட்டம், படுக்குமிடம். வைக்கோலா, காகிதத் துண்டுகளா, வேறெதுவுமா? பேனா அங்கேயே நின்றது.

"பொதுப்பணம், மாலக்கி. பாத்ததைத்தான் எழுதணும்."

"எழுதுங்க. கட்டில்னே எழுதுங்க." அவர் கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சோஃபாவுல படுக்கிறது யாருன்னு மட்டும் எழுதிடாதீங்க, ஆபீசர் அம்மா."